ஒட்டிய தலையோடு ஒரு 1978 லெஸ் பால்: வாங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளாக எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறீர்கள். 1978-ல் செய்த கிப்சன் லெஸ் பால் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஹெட்ஸ்டாக் (ஸ்ட்ரிங்குகளை முறுக்கும் தலைப்பகுதி) ஒரு முறை உடைந்து ஒட்டப்பட்டது, மற்றதெல்லாம் ஒரிஜினல் என்று விற்பவரே சொல்கிறார். வாங்கலாமா, பழையது என்பதால் புதியதைவிட நன்றாக ஒலிக்குமா, பத்து வருடம் கழித்து விற்றால் போட்ட பணத்துக்கு மேல் வருமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே கேள்வி போலத் தோன்றும். ஆனால் வாசிக்கச் சுகமாக இருக்குமா என்பதை முடிவு செய்வது நெக்கும் (கிட்டாரின் கழுத்து) ஃப்ரெட்டும் (அதன் மேல் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்). என்ன விலை போகும் என்பதை முடிவு செய்வது, எவ்வளவு தூரம் கை வைக்கப்படாமல் இருக்கிறது என்பது. ஒன்றுக்காகப் பணம் கொடுத்துவிட்டு இன்னொன்றை எதிர்பார்க்கும்போதுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கிட்டார் பழுதுபார்ப்பதையும் செட்டப் செய்வதையும் பல வருடமாகத் தொழிலாகச் செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். படத்தை மட்டும் பார்த்து யாரும் உறுதி சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். எதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர முடியும்.

உடைந்த தலையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் பேரமே அதை வைத்துத்தான் நடக்கப்போகிறது. லெஸ் பாலின் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி அளவுக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். நெக்கையும் தலையையும் ஒரே மரத்திலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். மரத்தின் இழை நெக்கின் நீளத்துக்கு நேராக ஓடுவதால், தலை சாயும் இடத்தில் அந்த இழைகள் குறுக்கே அறுபட்டுவிடுகின்றன. போதாக்குறைக்கு, நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகும் நட்டுக்காகச் சரியாக அதே இடத்தில் ஒரு குழியும் தோண்டுகிறார்கள். எனவே ஸ்டாண்டிலிருந்து கிட்டார் மல்லாக்க விழுந்தாலே உடைவது அங்கேதான். போட்டி நிறுவனமான ஃபெண்டரின் கிட்டார்களில் இந்தத் தொல்லை அபூர்வம்: தலை சாய்வில்லாமல் நேராக இருக்கும், நெக்கும் ஸ்க்ரூ போட்டு மாட்டியது என்பதால் கெட்டால் வேறு மாட்டிக்கொள்ளலாம். கிப்சனும் சும்மா இருக்கவில்லை. 1970 வாக்கில் தலை தொடங்கும் இடத்தில் நெக்கின் பின்புறம் ஒரு சின்ன மேடு வைத்துத் தடிப்பாக்கினார்கள், எழுபதுகளின் நடுவில் மகோகனிக்குப் பதிலாக மூன்று துண்டு மேப்பிளை ஒட்டி நெக் செய்யத் தொடங்கினார்கள். உங்கள் 1978 கிட்டாரில் பெரும்பாலும் இவை இரண்டும் இருக்க வேண்டும். நெக்கின் பின்புறம் நீளவாக்கில் இரண்டு ஒட்டுக்கோடுகள் தெரிகின்றனவா, தலைக்குக் கீழே அந்த மேடு கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடைந்தபோது நெக்கையே மாற்றிவிட்டார்களா, மேட்டைச் செதுக்கிவிட்டார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

உடைசல் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தலையின் முகப்பிலிருந்து பின்புறமாக நீளச் சரிந்து, பட்டையாகப் பிளந்த உடைசல் நல்ல உடைசல். ஒட்டுவதற்கு அகலமான பரப்பு கிடைக்கிறது. நல்ல மரப்பசையைத் தடவி, கவ்வி போட்டு அழுத்திக் காயவிட்டால், திரும்ப அடிபட்டாலும் பல சமயம் ஒட்டிய இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்து மரம்தான் பிளக்கும். குறுக்கே குட்டையாக, ட்ரஸ் ராட் நட்டையும் சேர்த்து முறிந்ததுதான் ஆபத்தானது. ஒட்டும் பரப்பு குறைவு என்பதால் அங்கே உள்ளே மரக்கட்டை வைத்து வலுவூட்டியிருக்க வேண்டும். இன்னும் மோசம், யாரோ அவசரத்தில் எப்பாக்ஸியையோ சூப்பர் க்ளூவையோ ஊற்றியிருப்பது. அது விட்டுக்கொடுத்தால் மறுபடி சுத்தமாக ஒட்டுவது பெரும்பாடு, ஏனென்றால் புதுப் பசை மரத்தைப் பிடிக்க முடியாதபடி பழையது அடைத்துக்கொண்டு நிற்கும்.

நேரில் பார்க்கும்போது ஸ்ட்ரிங்கை முழு ட்யூனிங்கில் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, தலை தொடங்கும் இடத்தில் நெக்கின் பின்புறம் மெல்ல நகர்த்துங்கள். நேராக அடித்தால் மறைந்துபோகும் கோடு சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். பிறகு விரல் நகத்தை அந்தக் கோட்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். லாக்கரில் (மரத்தின் மேல் பூசிய பளபளப்புப் பூச்சு) மட்டும் ஒரு மெல்லிய வரி தட்டினால் பரவாயில்லை, லாக்கர் சுருங்கும்போது வருவதுதான். ஒரு பக்கம் மேடாகவும் மறு பக்கம் பள்ளமாகவும் படி மாதிரி தட்டினால் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தாமல் ஒட்டியிருக்கிறார்கள். ஸ்ட்ரிங்கைத் தளர்த்தியும் ஏற்றியும் பார்க்கையில் அந்தக் கோடு கொஞ்சமாவது திறந்து மூடினால் எழுந்து வந்துவிடுங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு புற ஊதா விளக்கும் கொண்டுபோங்கள். பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அந்த வெளிச்சத்தில் மங்கலான பச்சை மஞ்சளாக ஒளிரும். பிறகு தெளித்த பெயிண்ட் வேறு நிறமாக, பெரும்பாலும் கறுப்பாகத் தெரியும். தெளிப்பு உடைந்த இடத்தோடு நிற்கிறதா, நெக் முழுக்க ஓடுகிறதா என்பது அப்போது வெளிப்பட்டுவிடும். பழுது பார்ப்பதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். நல்ல இடத்தில் கொடுத்து ஒட்டியவர்கள் பலர் அதை வைத்திருப்பார்கள்.

உடைந்து ஒட்டிய கிட்டாருக்குச் சந்தையில் சுமார் பாதி விலைதான் என்பது சேகரிப்பவர்களிடம் நிலைத்துவிட்ட வழக்கம். எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாலும் அது மாறாது. முழுக்க பெயிண்ட் மாற்றியதற்கும் ஏறக்குறைய இதே கதிதான். வாசிக்கிறவருக்கு இது நஷ்டம் இல்லை. நல்ல ஒட்டு என்றால் கையில் இருக்கும்போது வித்தியாசமே தெரியாது, விலை மட்டும் பாதி. ஆனால் நீங்கள் விற்கும்போதும் அதே பாதிதான் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நெக். பணத்தை உண்மையில் விழுங்குவது இதுதான், அநேகர் இதைத்தான் சரியாகப் பார்ப்பதில்லை. கிட்டாரை உடல் உங்கள் பக்கம் இருக்கும்படி பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஃப்ரெட் போர்டின் ஓரமாக ஹெட்ஸ்டாக்கை நோக்கிப் பாருங்கள். தடிமனான ஸ்ட்ரிங் பக்கமும் மெல்லிய ஸ்ட்ரிங் பக்கமும் ஒரே மாதிரி வளைய வேண்டும். ஒன்று நேராகவும் இன்னொன்று வளைந்தும் தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அதை ட்ரஸ் ராடால் சரி செய்ய முடியாது. பிறகு தடிமனான ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கு மேற்படாத இடைவெளி தெரிந்தால் போதும். இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கலாம். நிறைய இருந்தால் ட்ரஸ் ராடுக்கு இன்னும் திருகுவதற்கு இடம் மிச்சமிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தலையில் இருக்கும் ட்ரஸ் ராட் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நட் கடைசி மரை வரை இறங்கி உட்கார்ந்திருந்தால், யாரோ ஏற்கெனவே முடிந்த மட்டும் இறுக்கிவிட்டார்கள். உடைந்து ஒட்டிய கிட்டாரில் இது இரண்டு மடங்கு முக்கியம், உடைசலும் ட்ரஸ் ராட் குழியும் அக்கம்பக்கத்தில் இருப்பதால். விற்பவர் சம்மதித்தால் அவர் கையாலேயே கால் சுற்று தளர்த்தி, இறுக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஃப்ரெட்டைப் பொறுத்தவரை முதல் ஐந்து ஃப்ரெட்டில், மெல்லிய மூன்று ஸ்ட்ரிங்குகளுக்குக் கீழே பாருங்கள். ஓப்பன் கார்டு வாசித்தே தேய்ந்த பள்ளங்கள் அங்கே இருக்கும். பள்ளம் ஆழமில்லாமல், ஃப்ரெட்டில் இன்னும் உயரம் இருந்தால் அரத்தால் சமப்படுத்தி உருட்டிவிடலாம். ஏற்கெனவே பல முறை சமப்படுத்தித் தட்டையாகிவிட்டது என்றால் மொத்த ஃப்ரெட்டையும் மாற்ற வேண்டும். லெஸ் பாலில் ஃப்ரெட் போர்டின் ஓரத்தில் பைண்டிங் (ஓரப் பட்டை) இருப்பதால் அந்த வேலைக்குக் கூலியும் கூடும். அந்தச் செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பேரத்தில் கழியுங்கள். ஒரு ஃப்ரெட்டும் விடாமல், ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பாருங்கள். ஆம்ப் இல்லாமல் பாருங்கள், சத்தம் குறைகளை மறைத்துவிடும். கூடவே பெல்ட்டில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்று பாருங்கள். எழுபதுகளின் லெஸ் பால்களில் நாலரைக் கிலோவைத் தாண்டுவது சகஜம்.

எலக்ட்ரானிக்ஸ் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். கரகரக்கும் வால்யூமும் லூசான ஜாக்கும் கொஞ்சம் கான்டாக்ட் க்ளீனரில், ஒரு சால்டரில் முடிந்துவிடும். ஆனால் உள்ளே இருப்பவை கிட்டாரின் வயதைச் சொல்லும். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் 'பாட்' (மின்தடையை மாற்றும் பாகம்) மேல் ஏழு இலக்க எண் அச்சிட்டிருந்து, அது 137 என்று தொடங்கினால் அதைச் செய்தது சி.டி.எஸ். நிறுவனம்; அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு வாரம். 1377812 என்றால் 1978-ன் பன்னிரண்டாவது வாரம். இது சொல்வது, கிட்டார் அதற்கு முன் செய்ததாக இருக்க முடியாது என்பதை மட்டும்தான். ஃபெண்டர் 1966-ல் மொத்தமாக வாங்கிப்போட்ட 'பாட்'களை அடுத்த சில வருடங்களுக்குப் பயன்படுத்தியது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஹெட்ஸ்டாக்கின் பின்னால் இருக்கும் சீரியல் எண்ணும் படிக்கத்தக்கதே. கிப்சன் 1977 முதல் எட்டு இலக்கம் போட்டது. முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருடம், இடையிலுள்ள மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, கடைசி மூன்றும் அன்றைய வரிசை எண். 71238567 என்று ஒன்று இருந்தால் 1978-ன் 123-வது நாள், அதாவது மே 3. வரிசை எண் 500 அல்லது அதற்கு மேல் என்பதால் நாஷ்வில் ஆலை. 500-க்குக் கீழே என்றால் கலமசூ ஆலை. எண் சரியாக இருப்பதாலேயே கிட்டார் அசல் ஆகிவிடாது, போலி செய்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். அதனால் அவர்கள் கோட்டைவிடும் இடங்களைப் பாருங்கள். கிப்சனின் ட்ரஸ் ராட் மூடிக்கு இரண்டு ஸ்க்ரூதான். மலிவுப் போலிகளில் பல சமயம் மூன்று இருக்கும். தலையைத் தனித் துண்டாக நெக்கில் சாய்த்து ஒட்டிய கோடு தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். ஆனால் உங்கள் கிட்டாரில் ஏற்கெனவே உடைந்து ஒட்டிய கோடு இருக்கிறது. அது தாறுமாறாக, மர இழையைத் தொடர்ந்து ஓடினால் உடைசல். ரம்பத்தால் அறுத்த மாதிரி நேராக இருந்தால் அது உடைசலே இல்லை, செய்தபோதே ஒட்டியது.

இனி ஒலி. இதில் உறுதியானதும் நம்பிக்கையும் கலந்து கிடப்பதால் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும். அதன் மேல் எஃகு ஸ்ட்ரிங் அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அதுதான் ஆம்ப்புக்குப் போகிறது. காந்தத்தின் வகையும் சுற்றின் எண்ணிக்கையும் மாறினால் ஒலி மாறும்: இது உறுதி. செத் லவர் வடிவமைத்து 1957-ல் லெஸ் பாலில் ஏறிய ஹம்பக்கர்களை (இரட்டைச் சுருள் பிக்கப்) தேடி ஆட்கள் அலைவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சுற்றுகளின் எண்ணிக்கை ஒரே சீராக இல்லை, கையில் கிடைத்த தரத்துக் காந்தத்தை வைத்தார்கள், எனவே ஒன்று போல் இன்னொன்று இருக்காது. அவற்றில் சில அற்புதமானவை. எழுபதுகளின் பிக்கப்புகள் ஒரே சீரானவை, அந்த ஏற்ற இறக்கம் இல்லை.

மரம் வருடக்கணக்கில் காய்ந்து ஒலி மெருகேறுகிறது என்பதும், நைட்ரோ லாக்கர் மரத்தை மூச்சுவிட வைக்கிறது என்பதும் சந்தேகத்துக்குரியவை. நைட்ரோ காலப்போக்கில் மெலிகிறது, மஞ்சளாகிறது, குளிரிலிருந்து திடீரென்று வெப்பத்துக்கு வந்தால் கண்ணாடி போல விரிசல் விடுகிறது. இவ்வளவும் கண்ணால் பார்க்கக்கூடியவை. அதனால் எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலி கூடுகிறது என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். பழைய கிட்டாரெல்லாம் நன்றாக ஒலிப்பதாகத் தோன்றுவதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. மோசமாக ஒலித்தவற்றை அப்போதே பிரித்து உதிரிபாகமாக்கிவிட்டார்கள், நல்லதை வைத்திருந்தார்கள், இன்று நம் கைக்கு வருவது அந்த மிச்சம்.

உங்கள் கிட்டாருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. எழுபதுகளின் லெஸ் பால்கள் பலவற்றில் வால்யூமுக்கு 300 கிலோ ஓம், டோனுக்கு 100 கிலோ ஓம் பாட் போட்டார்கள். ஐம்பதுகளில் 500 கிலோ ஓம். மதிப்பு குறைந்தால் உயர் அதிர்வெண்கள் கீழே வடிந்துபோய் ஒலி மங்கும். "பழைய கிட்டாரின் கனிவு" என்று பலர் புகழ்வதிலும், "எழுபதுகளின் லெஸ் பால் மந்தம்" என்று பலர் திட்டுவதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த 'பாட்'களை மாற்றினால் கிட்டார் திறந்துகொண்டு ஒலிக்கும், ஒரிஜினல் என்ற பெயர் போகும். என் யோசனை: பழைய சர்க்யூட்டை சால்டர் கலையாமல் முழுசாகக் கழற்றி ஒரு பையில் போட்டு வைத்துவிட்டு, புதிதாக ஒரு செட் மாட்டி வாசியுங்கள். விற்கும்போது பை கூடப் போகட்டும்.

லாபத்துக்கு வருகிறேன். 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரத்தில் அடர்ந்த நிறம்) லெஸ் பால் மொத்தமே இரண்டாயிரத்துக்குள். சரியாக விற்கவில்லை என்று 1961-ல் கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டது. அறுபதுகளின் நடுவில் கீத் ரிச்சர்ட்ஸ், எரிக் கிளாப்டன் போன்றவர்கள் பழையதாக வாங்கி வாசித்துக் காட்டிய பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது, 1968-ல் கிப்சன் மீண்டும் செய்தது. ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் 1958-ல் விலையுயர்ந்த மாடலாக வந்து, பின்பு யாரும் சீண்டாமல் மலிவாகக் கிடந்தது. காசில்லாத இளம் இசைக்குழுக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், இன்று அறுபதுகளின் ஜாஸ்மாஸ்டருக்குப் போட்டி. எது ஏறும் என்று முன்கூட்டிச் சொன்னவர் யாரும் இல்லை. ஏறினது இறங்கவும் செய்யும்; 2008-ன் நிதி நெருக்கடிக்குப் பிறகு வின்டேஜ் விலைகள் நன்றாகவே சரிந்தன. நார்லின் நிறுவனத்தின் கையில் கிப்சன் இருந்த காலத்து கிட்டார்களுக்கு (உங்கள் 1978-ம் அதில் ஒன்று) முன்பு இருந்த கெட்ட பெயர் இப்போது குறைந்திருக்கிறது. அதை நம்பி, தலை ஒட்டிய ஒன்றை முதலீடாக வாங்கச் சொல்ல மாட்டேன்.

கிட்டாரை ரசிப்பது என்பது இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். கிளாப்டனின் பிளாக்கி என்ற புகழ்பெற்ற ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்), 1970-ல் அவர் வாங்கிய பழைய ஸ்ட்ராட்களில் மூன்றைப் பிரித்து, நல்ல பாகங்களைச் சேர்த்துக் கட்டியது. "எல்லாம் ஒரிஜினலா" என்ற தேர்வில் அது முதல் நிமிடத்திலேயே தோற்கும். கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனிடமிருந்து கேரி மூர் கைக்குப் போய், இன்று கர்க் ஹாமெட்டிடம் இருக்கும் 1959 லெஸ் பாலில் ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருக்கிறது. அதனால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கையில் மூக்கால் பாடுவது போல ஒரு குரல் வரும், அந்தக் குரலைத்தான் உலகம் காதலித்தது. ரோரி கல்லகரின் 1961 ஸ்ட்ராட்டில் பெயிண்ட் பெரும்பகுதி போய் மரம் தெரியும். இவற்றைப் பார்த்துப் பழகினால், முழங்கை படும் இடத்தில் இயல்பாகத் தேய்ந்த லாக்கருக்கும், ஆலையில் அரத்தால் சுரண்டிப் பழசாக்கியதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும். உண்மையான தேய்மானம் ஓரத்தில் மங்கிக்கொண்டே போகும், வெட்டினாற்போல நிற்காது.

வெளிநாட்டிலிருந்து வாங்குவதாக இருந்தால் ஒரு சட்ட விஷயம். ரோஸ்வுட் போர்டுள்ள கிட்டார்களுக்கு 2017 ஜனவரியில் சைட்டீஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) கொண்டுவந்த கட்டுப்பாடு, முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் தளர்த்தப்பட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்தத் தளர்வு இல்லை, அது 1992 முதல் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 1978 லெஸ் பாலில் ரோஸ்வுட் போர்டு இருந்தால், இந்திய ரோஸ்வுட்தான் எதிர்பார்க்க வேண்டியது.

உங்கள் இடத்தில் நான் என்ன செய்வேன் என்றால்: புது ஸ்ட்ரிங் ஒரு செட், ட்யூனர், டார்ச், புற ஊதா விளக்கு ஆகியவற்றோடு நேரில் போவேன். ஒட்டு நீளச் சரிவானதாக, அசையாமல் இருந்து, ட்ரஸ் ராட் நட் இறுகவும் தளரவும் செய்து, ஃப்ரெட்டில் உயரம் மிச்சமிருந்து, உடையாத 1978-ன் விலையில் பாதிக்கு அவர் இறங்கினால், வாசிப்பதற்காக வாங்குவேன். ஃப்ரெட் மாற்ற வேண்டியிருந்தால் அந்தக் கூலியையும் கழிப்பேன். இவற்றில் ட்ரஸ் ராடோ ஒட்டோ ஒன்று தவறினாலும் விட்டுவிடுவேன், எவ்வளவு இறங்கி வந்தாலும் சரி. வாங்கிவிட்டால், கேஸில் வைக்கும்போது தலை எதிலும் படாமல், நெக் மட்டும் தாங்கியில் உட்காருகிறதா என்று பாருங்கள். கூரியரில் அனுப்பச் சொல்வதானால் ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டு, தலைக்கு முன்னும் பின்னும் மெத்தென்று அடைத்து அனுப்பச் சொல்லுங்கள்.